மணிக்கு எட்டு கிலோமீட்டர் புல்லட்

அதிவேக ரயிலைப் பற்றி இந்தியாவிலேயே அதிகம் தெரிந்த மனிதர், தன் வாழ்நாளில் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் ரயில் ஓட்டியதில்லை. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. அவர் ஓட்டிய ரயிலுக்குப் பக்கத்தில் நான் நடந்தே போயிருக்கிறேன். ஒருமுறை செருப்பு வார் அறுந்து, நின்று, ஊக்கு குத்தி மாட்டிக்கொண்டு, மறுபடி நடந்து அவரைத் தாண்டியும் போயிருக்கிறேன்.

அவர் பெயர் புல்லட். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், தடதடவென்று சத்தம் போடும் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவரிடம் இருந்தது ஒரு பழைய மொபெட். ஜப்பானில் ஓடுகிற புல்லட் ரயிலைப் பற்றி வாய் ஓயாமல் பேசியதால் வந்த பெயர் அது.

அரியலூரைச் சுற்றி எத்தனையோ சிமெண்ட் ஆலைகள். அவற்றில் ஒன்றில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் சில வருடங்கள் நான் கிளார்க். எத்தனை வேகன் வந்தது, எத்தனை போனது என்று எழுதுகிற வேலை. மெயின் லைனிலிருந்து பிரிந்து எங்கள் ஆலைக்கு ஒரு கிளைப் பாதை வரும். பெரிய ரயில் இன்ஜின் வேகன்களைக் கொண்டுவந்து அந்தப் பாதையின் வாசலில் விட்டுவிட்டுப் போய்விடும். அங்கிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு வருவது எங்கள் ஆலையின் சொந்த டீசல் இன்ஜின். மஞ்சள் பெயிண்ட் அடித்தது. சிமெண்ட் தூசி படிந்து படிந்து மஞ்சள் என்பதை நாங்கள் நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொண்டிருந்தோம். பாதை நெடுக 'வேகம் 8 கி.மீ.' என்று போர்டு நட்டிருக்கும். அந்த இன்ஜினுக்கு இரண்டு டிரைவர்கள். காலை ஷிப்ட் புல்லட். மதிய ஷிப்ட் டீசல் பாய்.

டீசல் பாய்க்கு அந்த இன்ஜின் பெற்ற பிள்ளை மாதிரி. தினமும் துடைப்பார், தட்டிக்கொடுப்பார், அதனோடு பேசுவார். "மாஷா அல்லாஹ், இன்னிக்கு ஒரே உதையில ஸ்டார்ட் ஆயிட்டாம்மா" என்று என் டேபிளுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். புல்லட்டோ, அதே இன்ஜினைத் திட்டிக்கொண்டே ஓட்டுவார். ஷிப்ட் மாறும் மதியம் இரண்டு மணிக்கு, ஒருவர் இறங்க ஒருவர் ஏற, அந்த ஏணிப்படியில் தினமும் ஒரு பட்டிமன்றம் நடக்கும். தலைப்பு ஒன்றேதான். வேகமாக ஓடுகிற ரயிலுக்கு ஏற்றது மின்சாரமா, டீசலா?

"பாய், ஒரு ஓட்டப் பந்தயம் நடக்குது" என்று ஆரம்பிப்பார் புல்லட். "ஒருத்தன் அடுப்பு, விறகு, அரிசி மூட்டை, பானை எல்லாத்தையும் தலையில வச்சுக்கிட்டு ஓடுறான். இன்னொருத்தன் கைய வீசிக்கிட்டு ஓடுறான். வழி நெடுக ஆளுங்க நின்னு அவன் வாயில ஊட்டி விடுறாங்க. எவன் ஜெயிப்பான்?"

"ஊட்டி விடுறவன் ஒருத்தன் அந்த எடத்துல இல்லாம போயிட்டா?" என்பார் பாய். "ஒன் ஆளு நடுரோட்டுல பட்டினியா நிப்பான். என் ஆளு கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போறவன். அவன் பாட்டுக்குப் போயிக்கிட்டே இருப்பான்."

"வேகமாப் போவானா?"

"போய்ச் சேருவான்ல?"

"ஒன் கரண்டு எங்கேந்து வருது? எங்கியோ கரியப் போட்டு எரிச்சுதானே?" என்று இன்னொரு நாள் பாய் மடக்குவார். "ஆயிரம் வூட்டுக்குச் சேத்து ஒரே அடுப்புல சமைச்சா விறகு கம்மி பாய்" என்று புல்லட் பதில் சொல்லுவார். சாப்பாட்டு நேரத்து விவாதம் என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் சாப்பாடாகவே இருக்கும்.

புல்லட்டிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. அதை வெகுநாள் வெளியே எடுக்காமல் வைத்திருந்தார். ஒருநாள் பாய் ரொம்பவும் சீண்டிவிடவே, நிதானமாகக் கேட்டார்.

"பாய், இந்த இன்ஜின்ல டீசல் என்ன பண்ணுது?"

"வண்டிய இழுக்குது."

"இல்லீங்க. டீசல் உள்ள இருக்குற ஜெனரேட்டரச் சுத்துது. ஜெனரேட்டரு கரண்டு குடுக்குது. அந்தக் கரண்டு கீழ இருக்குற மோட்டாரச் சுத்துது. மோட்டாருதான் சக்கரத்தச் சுத்துது. அப்ப இத்தன வருசமா நீங்க ஓட்டுறது என்ன இன்ஜினு? கரண்டு இன்ஜினு! சொந்தமா ஒரு கரண்டு ஆபீஸ முதுகுல சொமந்துக்கிட்டுப் போற கரண்டு இன்ஜினு!"

பாய்க்கு இது தெரியாததல்ல. இன்ஜினின் ஒவ்வொரு திருகாணியும் அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்த விஷயத்தை இப்படி ஒருவர் எடுத்து முகத்தில் விசிறியதில்லை. நாலு நாள் புல்லட்டோடு அவர் பேசவில்லை. இன்ஜினோடும் பேசவில்லை. அதுதான் எங்களுக்குக் கவலையாக இருந்தது.

ஐந்தாம் நாள் பாயே பேச்சைத் தொடங்கினார். "சரி, மோட்டார் கரண்டுதான். ஆனா என் கரண்டு என் கையில இருக்கு." புல்லட் உடனே விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். "கரண்டு ரயிலு பிரேக் போட்டா, அந்த ஓட்டத்துலேந்தே கரண்டு உண்டாயி, மேல இருக்குற கம்பிக்கே திரும்பிப் போயிரும் பாய். நீங்க பிரேக் போட்டா டேங்குல டீசல் ஏறுமா?" பாய் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏறல" என்றார். அன்று ஷிப்ட் மாறுவதற்கு இருபது நிமிடம் தாமதமானது. சிரித்து முடிக்க அவ்வளவு நேரம் பிடித்தது.

புல்லட்டின் சொந்த ஊர் அரும்பாவூர். பெரம்பலூர் மாவட்டம். மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒரு அடி தண்டவாளம் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரர்கள் வெளி மாவட்டம் போக வேண்டும். சின்ன வயதில் அரியலூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், தாலி கட்டுகிற நேரத்தில் காணாமல் போய், ஸ்டேஷனில் கண்டுபிடிக்கப்பட்டாராம். அன்றைக்குப் பிடித்தது ரயில் பைத்தியம். நூலகத்தில் இருந்த புத்தகம், பழைய பேப்பர், அப்புறம் கைப்பேசி என்று எதில் எல்லாம் ரயில் இருந்ததோ அதையெல்லாம் படித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், பிரான்சில் ரயில் எப்படி ஓடுகிறது என்பதை அங்கே போய்ச் சிக்னல் காட்டிவிட்டு வந்தவர் மாதிரி சொல்வார்.

அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். அந்த அம்மாள் சொன்ன கதை இது. பெண் பார்க்க வந்த இடத்தில், பெண்ணோடு தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று புல்லட் கேட்டாராம். என்னவோ ஏதோ என்று எல்லோருக்கும் பதற்றம். தனியாகப் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ரயிலுக்கு டீசல் நல்லதா, கரண்டு நல்லதா? நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"நீங்க என்ன அண்ணி சொன்னீங்க?"

"எங்க வூட்டுக்கே இன்னும் கரண்டு வரலீங்கன்னேன். அவரு மொகத்தப் பாக்கணுமே! யாரோ செத்துப் போனதாட்டம் ஆயிட்டாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே மனு எழுதி, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, எங்க வூட்டுக்குக் கரண்டு வாங்கிக் குடுத்துட்டுத்தான் தாலி கட்டுனாரு. சீர் செனத்தி பத்தி ஒரு வார்த்த கேக்கல."

ஒரு மத்தியானம் கேண்டீனில் யாரோ வாயைக் கொடுத்தார்கள். "அண்ணே, டீசல் இன்ஜினையே கொஞ்சம் பெருசாச் செஞ்சா அதுவும் புல்லட் ரயிலாட்டம் ஓடிட்டுப் போவுது. அதுல என்னா இருக்கு?" புல்லட் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"காத்து இருக்குய்யா! வேகம் ஏற ஏற காத்து எதுத்து நின்னு தள்ளும். வேகத்த ரெண்டு மடங்காக்கணும்னா அந்தக் காத்துக்கே எட்டு மடங்கு பலம் வேணும். அந்த எட்டு மடங்குக்குப் பெரிய இன்ஜின் வச்சா, அது கனம். கனத்த இழுக்க இன்னும் பலம். அதுக்கு இன்னும் டீசல், அதுவும் கனம். எங்க போயி நிக்கிறது? கம்பியில இருந்து எடுத்தா அந்தக் கனமே கெடையாது."

"எட்டு மடங்கா? சும்மா அடிச்சு விடாதீங்கண்ணே."

"வாங்கய்யா வெளிய."

கேண்டீன் வாசலில் இருந்த என் குடையை எடுத்துக்கொண்டார். மொபெட்டில் ஏறினார். ஒரு கையில் ஹேண்டில். மறு கையில் குடையை விரித்து, கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டார். கேட்டிலிருந்து மெதுவாகக் கிளம்பி, "இது சாதா ரயிலு!" என்று கத்தியபடி எங்களைக் கடந்தார். திரும்பிப் போய், முழு வேகத்தில் வந்தார். "இது அதிவேக..." என்பது வரை கேட்டது. குடை காற்றில் பின்பக்கமாகப் புரண்டது. மொபெட் ஒரு பக்கம், புல்லட் ஒரு பக்கம். அவர் போய் விழுந்த இடம் சுண்ணாம்புக்கல் பொடி கொட்டி வைத்திருந்த குவியல்.

ஓடிப் போய்ப் பார்த்தோம். தலை முதல் கால் வரை வெள்ளை. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சிலை மாதிரி எழுந்து நின்றார். கண் மட்டும் திறந்தது. அப்புறம் வாய்.

"பாத்தீங்களா? எட்டு மடங்கு!"

குடைக் கம்பிகள் எட்டுத் திசையிலும் போயிருந்தன. மறுநாள் எனக்குப் புதுக் குடை வாங்கிக்கொண்டு வந்து தந்தார். "பழசுக்கு விஞ்ஞானத்துல உயிர் போச்சு தங்கச்சி" என்றார்.

அரியலூர் வழியாகப் புது வேக ரயில் ஓடத் தொடங்கியபோது அது எங்கள் ஸ்டேஷனில் நிற்காது என்றார்கள். ஊரில் எல்லோருக்கும் வருத்தம். புல்லட்டுக்கு மட்டும் சந்தோஷம். "நின்னா அதோட வேகத்த எப்படிப் பாக்குறது?" வார லீவு நாளெல்லாம் பிளாட்பாரத்தில் போய் நின்றுகொள்வார். அது வந்து, சர்ரென்று கடந்து போகும் சில நொடிகளுக்காக இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவார். கடந்து போனதும், காற்றில் கலைந்த தலையைச் சீவிக்கொள்ள மாட்டார். அன்று முழுக்க அந்தத் தலையோடுதான் இருப்பார்.

அப்படி ஒரு லீவு நாளில்தான் அவருக்குச் சோதனை வந்தது. ஆடி மாதம். சென்னை போவதற்காக நான் ஒரு எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்பவில்லை. எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு தார்ப்பாய், ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் மேலே போகிற மின்கம்பியில் சுற்றிக்கொண்டதாம். கம்பியில் கரண்டு இல்லை. அரைமணி, முக்கால்மணி, ஒரு மணி. வெயிலில் பெட்டிகள் அடுப்பாகின. குழந்தைகள் அழுதன. ஜனங்கள் இறங்கிப் பிளாட்பாரத்தில் நின்று மின்சாரத்தையே சபித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் காலத்துல டீசல் இன்ஜின் இருந்தப்ப இப்படியா நின்னுச்சு?" என்றார் தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர்.

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தேன். புல்லட். இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில்கள். குழந்தை வைத்திருக்கிற பெண்களுக்கெல்லாம் ஜன்னல் ஜன்னலாகக் கொடுத்துக்கொண்டே, மின்சாரத்துக்காக வாதாடிக்கொண்டு வந்தார். "ஒரு நாள் காய்ச்சல் வந்துச்சுன்னு ஓட்டப் பந்தயக்காரன நொண்டின்னு சொல்லலாங்களா?"

"யோவ், நீ யாருய்யா? ரயில்வேயா?"

"இல்லீங்க சார். சிமெண்ட்டு."

"சிமெண்ட்டுக்கு என்னய்யா இங்க வேலை?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர், புல்லட் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

இந்தச் செய்தி எப்படித்தான் போனதோ, டீசல் பாய் ஒரு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பெருநாளுக்கு உடுத்துகிற சட்டை போட்டிருந்தார். புல்லட்டுக்கு எதிரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தூரத்தில் ஒரு ஹாரன் கேட்டது. புகையைக் கக்கிக்கொண்டு ஒரு டீசல் இன்ஜின் வந்து, எங்கள் ரயிலின் முன்னால், செத்த மாதிரி நின்ற மின்சார இன்ஜினோடு சேர்த்து மாட்டப்பட்டது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

புல்லட் இப்போது என்ன சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த டீசல் இன்ஜினைப் பார்த்துக் கையெடுத்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு பாயிடம் திரும்பினார்.

"இன்னிக்கு ஒங்க நாளு பாய். கூப்ட்ட எடத்துக்கு ஓடி வர்றதுல ஒங்க ஆள அடிச்சுக்க முடியாது. வேகத்துல மட்டும் எங்க ஆளு."

பாய் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டை போடத்தான் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். "சரி சரி, வாங்க, பஜ்ஜி சாப்புடுவோம்" என்றார். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருவரும் ஒரே பொட்டலத்திலிருந்து பஜ்ஜி தின்றுகொண்டு, மறுபடி ஆரம்பித்திருந்தார்கள்.

விளையாட்டாகவே போய்க்கொண்டிருந்த இந்த வழக்கு, ஒரு வருடம் கழித்து நிஜமாகவே தீர்ப்புக்கு வந்தது. எங்கள் கிளைப் பாதைக்கும் மேலே மின்கம்பி இழுக்கலாமா என்று ஆலையில் யோசித்தார்கள். மெயின் லைன் இன்ஜினே நேராக உள்ளே வந்துவிடும். வாசலில் நின்று இன்ஜின் மாற்ற வேண்டியதில்லை. இதற்கான ஃபைலை டைப் அடித்தவள் நான். மூன்று வழி போட்டிருந்தார்கள். கம்பியே வேண்டாம் என்றால் இரண்டு டிரைவர்களும் இருப்பார்கள். வேகன்களில் சிமெண்ட் நிரப்புகிற லோடிங் ஷெட்டின் வாசல் வரைக்கும் கம்பி என்றால் எங்கள் டீசல் இன்ஜினுக்குப் பாதி வேலைதான். ஒரு டிரைவர் போதும். ஷெட்டுக்கு உள்ளேயும் கம்பி என்றால் டீசல் இன்ஜினே வேண்டாம். டிரைவரும் வேண்டாம்.

மனசு கேட்கவில்லை. சொல்லக்கூடாதுதான், புல்லட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அண்ணே, பாதை பத்தி உங்களையும் பாயையும் கூப்பிட்டுக் கேக்கப் போறாங்க. கரண்டு வேணாம்னு சொல்லிடுங்க. ஒரு தடவ பொய் சொன்னா ஒண்ணும் ஆயிடாது."

அதன் பிறகு இரண்டு நாள் ஏணிப்படியில் பட்டிமன்றம் இல்லை. புல்லட் வந்தார், ஓட்டினார், இறங்கினார், போனார். "என்னம்மா ஆச்சு இவருக்கு? பேசாம இருக்காரே, பயமா இருக்கு" என்றார் பாய். அவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். "நசீபு, தலையெழுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்ஜினைத் துடைக்கப் போய்விட்டார். அவருக்கு இரண்டு பெண்கள், பெரம்பலூரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை மேனேஜர் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். குறிப்பு எழுத நான். மேனேஜர் புதிதாக வந்தவர், தன்மையான மனிதர். "ஷெட்டுக்கு உள்ளேயே கம்பி கொண்டுவந்துட்டா எல்லாமே ஈஸியா இருக்குமே. நீங்க ரெண்டு பேரும் பாதைய நல்லாத் தெரிஞ்சவங்க. என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

பாய் தலையைக் குனிந்துகொண்டு, "கம்பி வேணாங்க சார். இப்ப இருக்குறதே போதும்" என்றார்.

மேனேஜர் புல்லட்டைப் பார்த்தார்.

"கம்பி வேணும் சார்" என்றார் புல்லட். என் பேனா நின்றுவிட்டது. பாய் நிமிர்ந்து பார்த்தார். "மெயின் லைன்லேந்து ஷெட் வாசல் வரைக்கும் கம்பி வேணும். நல்லது. ரொம்ப வருசம் முன்னாடியே வந்திருக்கணும். ஆனா ஷெட்டுக்கு உள்ள வேணாம். உள்ள டீசல்தான்."

அந்த மனிதர் வாயிலிருந்து டீசல் என்ற சொல் திட்டாக இல்லாமல் வந்ததை அன்றுதான் கேட்டேன்.

"ஏன்? உள்ளேயும் மின்சாரம் இருந்தா என்ன?"

"மேலேந்து வேகனுக்குள்ள சிமெண்ட்டு கொட்டுற எடம் சார். கட்டி அடைச்சுக்கிட்டா ஆளுங்க கையில நீளக் கம்பியோட வேகன் மேல ஏறிக் குத்தி விடுவாங்க. தலைக்கு மேல இருபத்தஞ்சாயிரம் வோல்ட்டு. அதத் தொடக்கூட வேணாம், கிட்டப் போனாலே இழுத்துரும்."

"அந்த நேரத்துல கரண்ட்ட ஆஃப் பண்ணிட்டா?"

"பண்ணலாங்க சார். தெனம் பண்ணுவாங்க. மறந்து போற நாள்னு ஒண்ணு வரும். நாம ஆத்திரத்துல, அவசரத்துல, தூக்கக் கலக்கத்துல வேல செய்யிற ஜனங்க. அந்த ஒரு நாளு போதும். கரண்டு எனக்கு உசுரு சார். அது ஒருத்தன் உசுர எடுக்குறத நான் பாக்க மாட்டேன்."

மேனேஜர் மேஜையில் விரித்திருந்த பாதை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. வாசல் வரைக்கும்னே எழுதிடலாம்" என்றார். பிறகு தயங்கி, "ஆனா அப்ப ஒரு டிரைவர்தான் தேவைப்படும்" என்றார்.

"தெரியும் சார். பாய் இருக்கட்டும். வண்டிமேல உசுரா இருக்குறவரு அவரு. நான் திட்டிக்கிட்டே ஓட்டுறவன். அந்த இன்ஜினுக்கும் ஒரு நிம்மதி வேணுமில்ல?"

வெளியே வந்ததும் பாய்க்கு வந்த கோபம் இருக்கிறதே! "யாருய்யா ஒன்கிட்ட தானம் கேட்டா? என்னய கேக்காம என் பேரச் சொல்ல நீ யாரு?" என்று புல்லட்டின் சட்டையைப் பிடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிகிறது, வாய் திட்டுகிறது. புல்லட் சட்டையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னார். "பாய், டீசலுக்கு நான் நல்லது சொன்னதே ரெண்டு தடவதான். அதுக்கும் சண்ட போட்டா நான் எங்கதான் போறது?"

புல்லட்டை வேலையை விட்டு அனுப்பவில்லை. மின்கம்பிக்குக் கீழே எப்படி நடக்க வேண்டும், எதைத் தூக்கக்கூடாது, எங்கே ஏறக்கூடாது என்று தொழிலாளர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். பேசுவதற்குச் சம்பளம்! லாரி டிரைவர், மூட்டை தூக்குகிறவர், டீ கொண்டு வருகிறவர் என்று ஒருவர் தப்பவில்லை. கம்பியைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்ல வேண்டிய வகுப்பு, ஜப்பானைத் தொட்டு, பிரான்சைச் சுற்றி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆலைக்குத் திரும்பும். ரெட்டிபாளையம் பஸ்ஸில் இரண்டு மூட்டைத் தொழிலாளிகள் பிரேக்கிலிருந்து கரண்டு எடுப்பதைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டு வந்ததை என் காதால் கேட்டேன். அவர் அந்த வேலையில் இருந்த வரை கம்பியால் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

கம்பிக்குக் கரண்டு விட்ட நாளில், சிறுவாச்சூர் கோயில் குங்குமத்தைக் கொண்டுவந்து முதல் கம்பத்துக்கு வைத்தார். பாய் பக்கத்தில் நின்று ஏதோ ஓதினார். முதல் மின்சார இன்ஜின் மெயின் லைனிலிருந்து பிரிந்து எங்கள் பாதையில் நுழைந்தது. சத்தமில்லை, புகையில்லை. புல்லட் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். இன்ஜின் வந்தது. வந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம் வந்துகொண்டே இருந்தது. பாதையோரத்தில் போர்டை யாரும் மாற்றவில்லை. அதே எட்டு கிலோமீட்டர்.

"என்னண்ணே, ஒங்க ஆளு பறக்குறாரு!" என்று யாரோ கத்தினார்கள். முதலில் சிரித்தவர் புல்லட்தான்.

அவர் ஓய்வு பெற்று அரும்பாவூருக்கே போய்விட்டார். நானும் வேறு வேலைக்கு மாறி வந்துவிட்டேன். சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பெரம்பலூர் போனபோது போன் செய்தேன். அரும்பாவூரிலிருந்து பஸ் பிடித்து, என்னைப் பார்க்கப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. பேச்சில் ஒரு முடி நரைக்கவில்லை.

"எங்க மாவட்டத்துக்கும் ஒரு நாள் ரயிலு வரும் தங்கச்சி. வந்தா நேரா கரண்டுலதான் வரும். கரி, டீசலு எதையும் பாக்காம ஒரேயடியா கரண்டுக்குத் தாவுன மாவட்டம்னு பேரு வாங்குவோம். மத்த ஊருல்லாம் எத்தன காலத்த வீணாக்குனாங்க!"

"பாய் எப்படி இருக்காரு?"

புல்லட்டின் முகம் பெரிதாக மலர்ந்தது. "ஒனக்குத் தெரியாதா? பெரிய பொண்ணு வேலைக்குப் போயி அவருக்குக் கரண்டு ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்திருக்கு! சார்ஜ் போட மறந்துட்டு நடுவழியில நின்னுருவாரு. ஒடனே எனக்குத்தான் போனு. 'வாய்யா, வந்து ஒன் கரண்ட்டக் கொண்டாந்து ஊட்டி விடு'ன்னு கத்துவாரு. வாரத்துக்கு ரெண்டு தடவையாச்சும் நிக்கிது. எனக்கு என்னமோ, மறக்குறாப்பலயே தெரியல."

நான் ஏற வேண்டிய அரியலூர் பஸ் கிளம்பத் தயாரானது. ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். பஸ் பின்னால் நகர்ந்து, திரும்பி, வாசலைத் தாண்டுகிற வரை பக்கத்திலேயே நடந்து வந்தார். வாய் ஓயவில்லை, என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். ரோட்டுக்கு வந்ததும் டிரைவர் ஒரே மிதியாக மிதித்தார். சத்தத்தில் அவர் கடைசியாகச் சொன்னது கேட்கவில்லை. கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த வண்டி இன்னும் கொஞ்ச தூரம் மெதுவாகப் போகக்கூடாதா என்று இருந்தது.